சின்னஞ்சிறு பறவையும் சிறுவனின் உள்ளமும்

இறைவன் மனிதனுக்கு அருளிய செல்வங்களுள் தலையாயது மக்கட் செல்வம். அச்செல்வத்தை அவன் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கின்றான் என்பது இஸ்லாத்தின் போதனை. பிறர் நம்மிடம் கொடுத்து வைத்த பொருளை எவ்வளவு விழிப்போடு காக்கின்றோமோ, அதனினும் பன்மடங்கு விழிப்போடு காக்கப்பட வேண்டியவர்கள் நம் குழந்தைகள். அவர்களைப் பற்றி மறுமையில் நாம் கேட்கப்படுவோம் என்பதை நபிமொழிகள் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

இக்கடமையை நாம் அறியாதவர்கள் அல்லர். குழந்தைக்கு நல்ல பெயர் சூட்டுகின்றோம், அகீகா கொடுக்கின்றோம், நல்ல பள்ளிக்கூடமாகத் தேடிச் சேர்க்கின்றோம், மாலையில் மதரஸாவுக்கு அனுப்புகின்றோம், அதன்பின் தனிவகுப்புக்கும் அனுப்புகின்றோம். விடிந்தது முதல் இரவு வரை ஒவ்வொரு நாழிகைக்கும் ஒரு பாடத்தை வகுத்து வைக்கின்றோம். எஞ்சிய சிறு பொழுதைக் கைப்பேசி விழுங்கிவிடுகின்றது. இவ்வளவும் செய்த நாம், அக்குழந்தைக்கு எதில் நாட்டம், எதைக் கண்டால் அதன் கண்கள் மலர்கின்றன, தன்னைப் பற்றி அது என்ன எண்ணிக்கொண்டிருக்கின்றது என்று ஒரு நாளேனும் கேட்டதுண்டா?

வாசகப் பெருமக்களே! இதனைச் சிறிய வினா என்று ஒதுக்கிவிட வேண்டாம். அகிலத்திற்கோர் அருட்கொடையாக வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஓர் அரசின் பொறுப்பையும் ஒரு சமுதாயத்தின் சுமையையும் தாங்கிய நாள்களிலும் இத்தகைய வினாக்களைக் கேட்பதற்கு நேரம் ஒதுக்கியிருக்கின்றார்கள்.

பறவையை இழந்த சிறுவன்

மதீனாவில் உம்மு சுலைம் (ரலி) என்ற அன்சாரிப் பெண்மணியின் இல்லத்திற்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் அடிக்கடி செல்வது வழக்கம். அவ்வில்லத்தில், பெருமானாருக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களின் தம்பி ஒருவர் இருந்தார். பால்குடி மறந்து சில காலமே ஆன சிறுவர். அவரிடம் ஒரு சின்னஞ்சிறு பறவை இருந்தது. அதனோடு விளையாடுவதே அவருக்கு உலகம்.

ஒரு நாள் பெருமானார் அங்கே சென்றபோது சிறுவர் வாடிய முகத்தோடு இருந்தார். பறவை இறந்துவிட்டது என்று வீட்டார் கூறினர். உடனே அண்ணலார், பெரியவர்களை அழைப்பது போல் 'அபூ உமைர்' என்று மதிப்புடன் அவரை விளித்து, அந்தச் சின்னப் பறவைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். பறவையின் பெயரும் சிறுவரின் பெயரும் ஓசையில் ஒத்து வருமாறு அவ்வினா அமைந்திருந்தது. துக்கம் விசாரிப்பும் அதில் இருந்தது. குழந்தைக்கு இனிக்கும் ஓசைநயமும் அதில் இருந்தது.

ஒரு பறவை இறந்ததற்கு இத்தனை விசாரிப்பா என்று நம்மில் எவரும் கேட்கக்கூடும். பெருமானார் அவ்வாறு எண்ணவில்லை. குழந்தைக்கு எது பெரியதோ அது அவர்களுக்கும் பெரியதாயிற்று. இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்தே 60 படிப்பினைகளை எடுத்துக்காட்டி, 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் காஸ் என்ற மார்க்க அறிஞர் தனி நூலொன்று இயற்றியிருக்கின்றார். அவற்றையெல்லாம் கற்க நமக்கு இயலாது போயினும், ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்வோம்: குழந்தையின் நாட்டத்தை வளர்க்க விரும்புகின்றவர் முதலில் அந்நாட்டத்தை மதித்தல் வேண்டும்.

கேலியில் ஒளிந்திருந்த குரல்

மதிப்பது முதற்படி, இனங்காண்பது அடுத்த படி. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் ஹுனைன் போர் முடிந்து பெருமானார் (ஸல்) அவர்கள் திரும்பி வருங்கால் வழியில் தொழுகைக்கு பாங்கு சொல்லப்பட்டது. அப்பொழுது இஸ்லாத்தை ஏற்காத இளைஞர் சிலர் தொலைவில் நின்று, முஅத்தினின் குரலைப் போலவே ஒலித்துக் கேலி செய்தனர். இந்நாளில் நம் தெருவில் இது நடந்திருப்பின் என்ன செய்திருப்போம்? விரட்டியடித்திருப்போம்.

பெருமானாரோ அவர்களை அழைத்துவரச் செய்தார்கள். கேட்ட குரல்களுள் உரத்து இனிமையாக ஒலித்தது எவருடையது என்று வினவினார்கள். அனைவரும் அபூ மஹ்தூரா என்ற இளைஞரைச் சுட்டினர். அவரைத் தம் அருகில் நிறுத்தி, பாங்கின் வாசகங்களை ஒவ்வொன்றாகத் தாமே சொல்லிக் கொடுத்தார்கள், வெள்ளி நாணயம் கொண்ட பை ஒன்றைப் பரிசளித்தார்கள், அவருக்காகப் பிரார்த்தித்தார்கள். கேலி செய்த அக்குரல் பின்னாளில் மக்கா நகரின் பாங்கொலியாக விளங்கிற்று.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. பெருமானார் மதீனாவுக்கு வந்தபோது தந்தையை இழந்த 11 வயதுச் சிறுவர் அவர். பத்ருப் போருக்குச் செல்ல ஆசைப்பட்டார். வயது போதாதென்று திருப்பியனுப்பப்பட்டார். ஆனால் அவரது நினைவாற்றலைப் பெருமானார் கண்டுகொண்டார்கள். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரைத் திங்களில் கற்றுத் தேர்ந்தார் ஸைத். பின்னர் வஹியை எழுதும் பேறு பெற்றார். அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது. ஒரு வாயில் அடைபட்டபோது, அச்சிறுவருக்குரிய மற்றொரு வாயிலைத் திறந்துவிட ஒருவர் இருந்தார் என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள்.

எல்லாக் குழந்தைகளையும் ஒரே அச்சில் வார்க்க முயல்கின்ற பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அண்டை வீட்டுப் பிள்ளை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினான் என்பதற்காக, படம் வரைவதில் மனம் செல்லும் நம் பிள்ளையின் கையிலிருந்து வண்ணக்கோலைப் பிடுங்குவது முறையாகாது.

நீ தமிழனா, முஸ்லிமா?

இனி, இதனினும் நுட்பமான ஒரு செய்திக்கு வருவோம். நம் குழந்தைகளை நோக்கிப் பள்ளிக்கூடத்திலோ விளையாட்டிடத்திலோ என்றேனும் ஒரு நாள் இவ்வினா எழுப்பப்படுகின்றது: 'நீ தமிழனா, முஸ்லிமா?' கேட்கும் பிள்ளை பெரும்பாலும் கள்ளமில்லாமலே கேட்கின்றது. கேட்கப்படும் பிள்ளைக்கோ விடை தெரிவதில்லை. இரண்டும் ஒருங்கே இருக்க இயலாவோ என்ற ஐயம் அந்தப் பிஞ்சு உள்ளத்தில் விழுந்துவிடுகின்றது.

அந்த ஐயத்தைத் தீர்ப்பார் இல்லையெனில் என்ன நேரும்? ஒரு குழந்தை தன் பெயரைச் சொல்லக் கூசத் தொடங்கும். வாப்பா, உம்மா என்று பிறர் முன் அழைக்கத் தயங்கும். பள்ளி விழாவுக்கு உம்மாவை வர வேண்டாம் என்று சொல்லும். மற்றொரு குழந்தை, தாய்மொழியும் அதன் பெருமைகளும் தனக்கு உரியவை அல்ல என்று எண்ணி, பிறந்த மண்ணிலேயே அந்நியனாக வளரும். ஒன்று நாணம், மற்றொன்று கசப்பு. ஈமானுக்கும் இவற்றால் நன்மையில்லை, வாழ்வுக்கும் நன்மையில்லை.

இங்கும் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே நமக்கு வழிகாட்டல் இருக்கின்றது. மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனிய நாட்டில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்களின் பிள்ளைகளுள் உம்மு காலித் (ரலி) ஒருவர். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, பெற்றோருடன் மதீனாவுக்கு வந்தவர். ஒருமுறை பூவேலை செய்த கறுப்பு ஆடையொன்று பெருமானாருக்கு வந்தது. யாருக்கு இதனை அணிவிக்கலாம் என்று கேட்டார்கள். தோழர்கள் வாய் திறக்கவில்லை. அச்சிறுமியைக் கொண்டுவரச் சொல்லித் தம் கையாலேயே அணிவித்து, நீண்ட நாள் அணிந்து மகிழுமாறு வாழ்த்தினார்கள். பின்னர் ஆடையின் வேலைப்பாட்டைச் சுட்டிக்காட்டி, 'ஸனாஹ்' என்று கூறினார்கள். அழகு என்று பொருள்படும் அச்சொல் அரபுச் சொல் அன்று. அச்சிறுமி பிறந்து வளர்ந்த அபிசீனிய நாட்டின் சொல்.

எத்துணை நுட்பமான பரிவு! புதிய ஊருக்கு வந்த குழந்தையிடம், நீ பேசி வளர்ந்த மொழியை மறந்துவிடு என்று அவர்கள் சொல்லவில்லை. அம்மொழியிலேயே ஒரு சொல் பேசி, நீயும் எங்களுள் ஒருத்தி என்று உணர்த்தினார்கள். மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளுள் ஒன்று என இறைவன் திருமறையின் 'ரூம்' அத்தியாயத்தில் அறிவிக்கின்றான். இறைவனின் அத்தாட்சி ஒன்றைக் குறித்து ஒரு முஸ்லிம் குழந்தை ஏன் நாண வேண்டும்?

நம் குழந்தைகளுக்குரிய முதுசொம்

தமிழ் முஸ்லிம் குழந்தைக்கு அதன் முன்னோர் விட்டுச் சென்ற செல்வம் பெரிது. இதை நாம் எடுத்துச் சொல்லாவிடில் வேறு எவர் சொல்வர்?

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களையே பாருங்கள். இந்திய மொழிகள் பலவற்றில் 'நமாஸ்', 'ரோஸா' என்ற பாரசீகச் சொற்கள் வழங்குகின்றன. தமிழ் முஸ்லிம்களோ தொழுகை என்றனர்; நோன்பு என்றனர்; பள்ளிவாசல் என்றனர்; பெருநாள் என்றனர். குர்ஆனை ஓதுகின்றோம் என்றனர். மார்க்கத்தின் தூண்களுக்கே தாய்மொழியில் பெயரிட்டு வழங்கியவர்களுக்கு, தமிழும் இஸ்லாமும் இரண்டு கரைகளாகத் தோன்றவில்லை.

மதுரையில் 1572ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் 'ஆயிர மசலா'வை அரங்கேற்றினார். நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்டது இது. இந்நூல் கேள்விகளால் ஆனது என்பது கருதத்தக்கது. அப்துல்லா இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்குப் பெருமானார் அளித்த விடைகளுமே அதன் பொருள். அவ்வாறாயின், வினவும் குழந்தையை 'வாயை மூடு' என்று அதட்டுவது நம் மரபாகுமா?

சீதக்காதி வள்ளலின் ஆதரவோடு உமறுப் புலவர் தொடங்கிய சீறாப்புராணம் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. பெருமானாரின் வரலாற்றைப் பாட வந்த புலவர், காப்பிய மரபுப்படி நாட்டு வளத்தையும் நகர வளத்தையும் தமிழ்க் கண்கொண்டு பாடினார். தமிழ் ஒலிகளுக்கேற்ப அரபு எழுத்துகளில் புள்ளிகளைச் சேர்த்து, அரபுத் தமிழ் என்ற எழுத்துமுறையை நம் முன்னோர் வகுத்தனர். பள்ளிக்கூடம் செல்லாத எத்தனையோ பெண்மணிகள் அதன் வழியே மார்க்க நூல்களை வீட்டிலிருந்தபடியே கற்றனர்.

பெண் குழந்தைகளின் பெற்றோர் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தை நினைவில் கொள்ளல் வேண்டும். 1917இல் பிறந்த அவர் மூன்றாம் வகுப்பு வரையே பயின்றவர். எனினும் வாசிப்பிலும் எழுத்திலும் இருந்த வேட்கையால், 1938ஆம் ஆண்டிலேயே 'காதலா? கடமையா?' என்ற புதினத்தை வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாத ஐயர் அதனைப் பாராட்டி எழுதினார். ஒரு சிறுமியின் நாட்டத்தை அணைத்துவிடாமல் காத்தால் அது எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இஃதொரு சான்று.

சிறுவனின் உரிமை

இவ்வளவு செல்வம் இருக்கின்றது என்பதற்காக, இவற்றையெல்லாம் குழந்தையின் தலையில் சுமையாக ஏற்றிவிடலாகாது. இன்னும் ஒரு பாடமாகவும் இன்னும் ஒரு தேர்வாகவும் ஆகிவிட்டால், குழந்தை இதிலிருந்தும் ஓடிவிடும். காட்டுவது நம் கடமை; அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வது குழந்தையின் உரிமை.

உரிமை என்ற சொல் சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஒருமுறை பெருமானார் (ஸல்) அவர்களிடம் பானம் கொண்டுவரப்பட்டது. அவர்கள் பருகிய பின், வலப்புறத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கொடுப்பது முறை. வலப்புறத்தில் இருந்தவர் ஒரு சிறுவர். இடப்புறத்தில் இருந்தவர்களோ முதியவர்கள். முதியோருக்கு முதலில் கொடுக்க நீ இசைவாயா என்று அச்சிறுவரிடம் பெருமானார் கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் பேற்றை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் சிறுவர். அண்ணலார் சினக்கவில்லை, கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். சபை நடுவே 'மாட்டேன்' என்று மரியாதையுடன் சொல்லும் துணிவு அச்சிறுவருக்கு இருந்தது. அதனை ஏற்கும் பெருந்தன்மை பெருமானாரிடம் இருந்தது. தான் யார் என்ற உணர்வு குழந்தைக்கு இவ்வாறுதான் வளர்கின்றது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

அன்புப் பெற்றோர்களே! இவற்றைச் செயற்படுத்தப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மாலையாயின் மிக நன்று, அரைமணி நேரத்தைக் குழந்தைக்கென ஒதுக்குங்கள். உங்கள் கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். குழந்தை எதைப் பற்றிப் பேச விரும்புகின்றதோ அதைப் பற்றிக் கேளுங்கள். அறிவுரை கூறும் ஆவலைச் சற்றே அடக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் ஆர்வமுள்ள குழந்தையிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துப் பாட்டியிடம் அனுப்புங்கள். உம்மும்மா என்று அழைப்பவர்களும் உண்டு. நன்னிமா என்று அழைப்பவர்களும் உண்டு. ஆணம், பசியாறுதல், ராத்தா, காக்கா என்று நம் வீடுகளில் வழங்கி, இன்று மறைந்துவரும் சொற்களை அக்குழந்தை கேட்டு எழுதட்டும். தபால்தலை சேர்ப்பதைப் போலவே சொல் சேர்ப்பதும் சுவையான பொழுதுபோக்கு. பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே அது ஒரு பாலமாகும்.

ஓவியத்தில் நாட்டமுள்ள குழந்தையைக் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய பள்ளிவாசல்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். தமிழ்ச் சிற்பிகள் கற்றூண்களில் செதுக்கியுள்ள மலர்களையும் கொடிகளையும் அது பார்த்து வரையட்டும். கவராயமும் அளவுகோலும் கொண்டு எண்கோணக் கோலங்களை வரையக் கற்றால், கணிதமும் அதனோடு கலந்து வரும். கைவேலையில் விருப்பமுள்ள குழந்தைக்குப் பத்தமடைப் பாயைக் காட்டுங்கள். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கிழித்து, பட்டுப்போல் நெய்யும் அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர்கள் அவ்வூர் முஸ்லிம் குடும்பத்தினர்.

குரல் வளமுள்ள குழந்தை வீட்டில் பாங்கு சொல்லட்டும். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த நாகூர் இ.எம். ஹனிபாவின் குரல், சமயம் கடந்து தமிழ்நாடெங்கும் ஒலித்ததை அக்குழந்தைக்குச் சொல்லுங்கள். ஓடியாட விரும்பும் குழந்தைக்குச் சிலம்பம் இருக்கின்றது. அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்த அஸ்லம் குலத்தாரைக் கண்ட பெருமானார், அவர்களின் மூதாதையான இஸ்மாயீல் (அலை) அவர்களும் வில்லாளரே என்று நினைவூட்டி ஊக்கமளித்தார்கள். விளையாட்டையும் மூதாதையர் பெருமையையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துக் காட்டிய அப்பாங்கினை நாமும் பின்பற்றலாம்.

செடி வளர்க்க விரும்பினால், நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்பது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியைச் சொல்லிக் கன்றைக் கையில் கொடுங்கள். பறவைகளை விரும்பினால், கூண்டு வாங்கித் தராதீர்கள். மொட்டைமாடியில் ஒரு மண்சட்டியில் நீர் வைக்கப் பழக்குங்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்துத் துடித்த தாய்ப்பறவையைக் கண்ட பெருமானார், அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள் என்பதையும் அத்துடன் சொல்லுங்கள்.

எந்தப் பொழுதுபோக்கிற்கும் சில வரம்புகள் உண்டு. தொழுகையின் நேரத்தை அது கவரலாகாது, எவ்வுயிரையும் வருத்தலாகாது, வீண்விரயமாகலாகாது, பிறரை இழிவாகக் கருதும் செருக்கைத் தரலாகாது. இவ்வரம்புகளுக்கு உட்பட்ட பரந்த வெளியில் குழந்தை தன் விருப்பம் போல் உலவட்டும்.

இறுதியாக ஒன்று. பெருநாளன்று குழந்தையின் வகுப்புத் தோழர்களை இல்லத்திற்கு அழையுங்கள். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் ஆகுக. நோன்பு ஏன் நோற்கின்றோம், கஞ்சியில் என்னென்ன சேர்க்கின்றோம் என்பவற்றை உங்கள் குழந்தையே அவர்களுக்கு விளக்கட்டும். நீங்கள் அருகில் இருந்து கேளுங்கள். அவ்வாறே அவர்களின் வீட்டு வழக்கங்களையும் அது மரியாதையோடு கேட்டறியட்டும். மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே அவர்களைச் சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியதாக இறைவன் திருமறையில் கூறுவதன் பொருளை, ஒரு கிண்ணம் கஞ்சியைப் பகிர்ந்துண்ணும் இரு குழந்தைகள் நம்மினும் தெளிவாக உணர்வர்.

இவ்வாறு வளரும் குழந்தையிடம் 'நீ தமிழனா, முஸ்லிமா?' என்று எவரேனும் கேட்டால் அது திகைக்காது. 'என் மார்க்கம் இஸ்லாம்; என் மொழி தமிழ்' என்று புன்னகையுடன் விடை கூறும். அவ்விடையை எவரும் அதற்கு மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. தன் இல்லத்தில் தான் மதிக்கப்பட்டதையும், தன் சிறு விருப்பங்கள் கேட்கப்பட்டதையும் கண்டு வளர்ந்த உள்ளத்தில் அவ்விடை தானாகவே வேரூன்றியிருக்கும்.

நம்மிடம் அமானிதமாகத் தரப்பட்ட மக்கட் செல்வங்களை, பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய பரிவோடும் பொறுமையோடும் வளர்த்து ஆளாக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.